உதகை வீட்டில் பறவைக்கூட்டுப் பெரணி: பனிக்காலத்தில் இலைகள் கருகுவது ஏன்?

கேள்வி: ஃபெர்ன்ஹில்வாசி

அனைவருக்கும் வணக்கம். உதகையில் ஃபெர்ன்ஹில் பகுதியில் குடியிருக்கிறோம். தீபாவளிக்கு முன் கோவைக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு நர்சரியில் பறவைக்கூட்டுப் பெரணி ஒன்றை வாங்கி வந்து, கூடத்தில் கிழக்குப் பார்த்த சன்னல் திண்டின்மேல் வைத்தேன். வந்த புதிதில் செடி நன்றாகவே இருந்தது. ஒரு முழ நீளத்தில் பளபளப்பான இலைகள், நடுவில் சுருண்டு நிற்கும் குருத்துகள், எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. மார்கழி பிறந்து உறைபனி விழத் தொடங்கியதிலிருந்து அதன் போக்கே மாறிவிட்டது.

கண்ணாடியை ஒட்டியிருக்கும் இலைகளில், எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளி ஊடுருவும் திட்டுகள் முதலில் தோன்றின. சில நாள்களில் அவை கரும்பழுப்பாகிக் காய்ந்தன. அறையின் பக்கம் திரும்பியிருக்கும் இலைகளில் இந்தத் திட்டுகள் இல்லை, ஆனால் நுனியும் ஓரமும் மொரமொரவென்று காய்கின்றன. கார்த்திகையில் குருத்து எந்த உயரத்தில் இருந்ததோ, தை பிறந்த பிறகும் அதே உயரத்தில் நிற்கிறது. இது போதாதென்று, பெரிய இலைகள் இரண்டின் அடிப்புறத்தில் பழுப்புக் கோடுகள் வரிவரியாக வந்திருக்கின்றன.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். காட்டில் மழை அப்படித்தான் விழும் என்பதால் செடியின் நடுக்குழியிலேயே ஊற்றுவது வழக்கம். மாலையில் அறையில் ஹீட்டர் ஓடும். காற்று வறண்டுவிடக் கூடாது என்று, படுக்கப் போவதற்கு முன் தெளிப்பானால் இலைகளை நனைத்துவிடுகிறேன்.

என் மாமியார், "மண்மேட்டிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கிற செடியை வீட்டுக்குள் அடைத்து வைத்தால் வாடாமல் என்ன செய்யும்? வெளியே இறவாணத்துக்குக் கீழே வைத்துவிடு" என்கிறார். பெரணி செழிக்கும் மலையில் இருந்துகொண்டு ஒரு பெரணியைக் காப்பாற்ற முடியவில்லை என்பது எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. செடியை வெளியில் வைக்கலாமா, தண்ணீரைக் கூட்ட வேண்டுமா, அடிப்புறக் கோடுகள் நோயா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில்: கோத்தகிரித் தோட்டம்

தயவுசெய்து வெளியில் வைக்காதீர்கள். இந்த மாதத்தில் ஒரே இரவு போதும், செடி போய்விடும்.

உங்கள் மாமியார் பார்த்து வளர்ந்த பெரணிகளும், நீங்கள் கோவையிலிருந்து வாங்கி வந்ததும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், அவை பிறந்த இடமும் பழகிய குளிரும் வேறு. புல்வெளி மேடுகளில் அடர்ந்து கிடக்கும் பெரணியைக் கவனித்திருப்பீர்கள். பனியில் அதன் இலைகள் செம்பழுப்பாகக் கருகினாலும், மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குத்தண்டு உயிரோடு இருப்பதால் மழை வந்ததும் மறுபடி துளிர்க்கிறது. சோலைக்காட்டு ஓடைகளில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரப்பெரணிகளுக்கோ தலைக்கு மேல் பெருமரங்களின் இலைக்கூரை இருக்கிறது. அது நிலத்தின் வெப்பம் வானத்துக்குப் போய்விடாமல் தடுப்பதால், திறந்த புல்வெளியில் உறைபனி படரும் இரவிலும் சோலைக்குள் பனி விழுவதில்லை.

பறவைக்கூட்டுப் பெரணிக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. நர்சரிகளில் பெரும்பாலும் விற்கப்படுவது அஸ்பிளேனியம் நைடஸ் என்ற இனம். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் தெற்கு, தென்கிழக்கு ஆசியா வழியாகப் பசிபிக் தீவுகள் வரை, வெதுவெதுப்பான ஈரக்காடுகளில் மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒட்டி வாழும் செடி இது. இதற்கு மண்ணுக்கடியில் சேமிப்புக் கிழங்கு எதுவும் இல்லை. கிண்ணம் போன்ற அந்த நடுப்பகுதியில் இருக்கும் ஒரே வளர்முனையிலிருந்துதான் எல்லா இலைகளும் வருகின்றன. அந்த முனை அழுகினால் பக்கக்கன்று வைத்துப் பிழைக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இதற்கு உகந்த வெப்பம். 10 டிகிரிக்குக் கீழே போகும்போது வளர்ச்சி நின்றுவிடும். அதற்கும் கீழே இறங்கினால் திசுக்கள் சிதைந்து, நீங்கள் வருணித்திருக்கும் ஒளி ஊடுருவும் திட்டுகள் வரும். கண்ணாடிப் பக்கத்து இலைகளில் மட்டும் அவை தோன்றியிருப்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பழைய வீடுகளின் ஒற்றைக் கண்ணாடிச் சன்னல், இரவில் வெளிக்குளிரை அப்படியே உள்ளே கடத்தும். அறையின் நடுவே 14 டிகிரி இருக்கும்போதும், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலை அதைவிட வெகுவாகக் குளிர்ந்துபோயிருக்கும். திரைச்சீலை போடுவது நல்லதுதான். ஆனால் செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், அறையின் வெப்பம் அதற்கு எட்டாமலே போய்விடும். இந்தச் சின்ன விஷயத்தில் பல வீடுகளில் செடிகள் போகின்றன.

ஆகவே, இரவில் தொட்டியைச் சன்னலிலிருந்து மூன்று நான்கு அடியாவது உள்ளே தள்ளி வையுங்கள். பகலில் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் காலை பத்து மணிக்கு மேல் நேர்வெயில் இலையில் விழக் கூடாது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு என்ற கணக்கில் புற ஊதாக்கதிர் கூடுவதால், காற்று சில்லென்று இருக்கும்போதே இலை வெளிறிப்போகும். சிமெண்டுத் தரையில் நேரடியாக வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள். மண்தொட்டியாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் அதன் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகும்போது வேர்ப்பகுதி மேலும் குளிர்கிறது. சமவெளியின் சித்திரை வெயிலில் வரமாக இருக்கும் அதே குணம், உதகையின் மார்கழியில் செடிக்குக் கேடாகிறது.

அடுத்தது தண்ணீர். கூட்ட வேண்டாம், குறையுங்கள். வளர்ச்சி நின்ற செடி தண்ணீரை உறிஞ்சுவதும் குறைவு; குளிர்ந்த ஈரக்கலவையில் வேர் மூச்சுத் திணறி அழுகும், அழுகிய வேர் தண்ணீரை மேலே அனுப்பாது, அதனால் தொட்டி ஈரமாக இருக்கும்போதே இலை காயும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது. நாளைக் கணக்கிட்டு ஊற்றாமல், தொட்டியைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்து மேற்பரப்பு ஓர் அங்குலம் உலர்ந்த பிறகு ஊற்றுங்கள். மாடித் தொட்டியிலிருந்து காலையில் வரும் தண்ணீர் கையே மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல்நாள் இரவே ஒரு பாத்திரத்தில் பிடித்து அறைக்குள் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் பயன்படுத்துங்கள்.

நடுக்குழியில் ஊற்றும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். காட்டில் நடுவில் மழை விழுவது உண்மைதான், ஆனால் அங்கே செடி கிளைமேல் காற்றோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, விழும் நீர் பஞ்சு போன்ற வேர்த்திரளின் வழியே உடனே வடிந்துவிடுகிறது, வெப்பமும் இருக்கிறது. மூடிய அறையில், 8 டிகிரியில், குருத்தின் அடியில் இரவு முழுவதும் தண்ணீர் நிற்பது வேறு சமாச்சாரம். தொட்டியின் ஓரத்தைச் சுற்றியே ஊற்றுங்கள்.

பதில்: நாயுடுபுரம் கொடை

மேலே நண்பர் சொன்னவற்றோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். அறைப்பக்கத்து இலைகளின் ஓரம் காய்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்குக் காரணம் குளிர் அல்ல, உங்கள் ஹீட்டர்.

மழைக்காலத்தில் கொடைக்கானலிலும் உதகையிலும் மேகம் வீட்டுக்குள்ளேயே புகுந்து துணி காயாமல் பூஞ்சணம் பூப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே காற்று வறளும் என்பதே நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் தை முதல் பங்குனி வரை வானம் வெளுத்துக் காற்று வறண்டுவிடுகிறது. உதடு வெடிப்பதை வைத்தே அதை அறியலாம். இதற்குமேல் ஹீட்டர் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 8 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றை எடுத்து, புதிதாக ஈரம் எதுவும் சேர்க்காமல் 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 45 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். வெளிக்காற்றே பாதி ஈரத்தோடுதான் இருக்கிறதென்றால், ஹீட்டர் ஓடும் அறையில் மிஞ்சுவது 20, 25 விழுக்காடுதான். 50 விழுக்காட்டுக்கு மேல் கேட்கும் செடியின் நுனி அதில் காயாமல் இருந்தால்தான் வியப்பு.

இரவில் தெளிப்பது இதற்கு மருந்தாகாது. தெளித்த ஈரம் ஹீட்டர் ஓடும்வரை சில நிமிடங்களில் பறந்துவிடுகிறது. ஹீட்டரை அணைத்த பிறகோ, இலைமேல் மிஞ்சிய துளிகள் விடியும்வரை அங்கேயே நின்று, புள்ளிநோய்க்கு வழி செய்கின்றன. கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைப்பதைப் பலரும் பரிந்துரைப்பார்கள். செய்வதில் கெடுதல் இல்லை, பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். செடிகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பது அதைவிடப் பயன் தரும்.

என் கருத்தில் மலைவீட்டில் பெரணிக்கு ஏற்ற இடம் சமையலறை. காலையில் இட்லி வெந்து, சோறு வடித்து, வெந்நீர் கொதிக்கும் அறையில் வெப்பமும் ஈரமும் சேர்ந்தே கிடைக்கின்றன; இரவில் வீட்டிலேயே மெதுவாகக் குளிரும் அறையும் பெரும்பாலும் அதுதான். அடுப்பின் அனல் நேராகப் படாத, சன்னல் வெளிச்சம் எட்டும் ஓர் அலமாரித் தட்டு போதும். தாளிப்பின் எண்ணெய்ப்புகை இலையில் படிந்தால், ஈரத்துணியால் அடியில் கைகொடுத்து மெல்லத் துடைத்துவிடலாம். குருத்தை மட்டும் தொடக் கூடாது, அதன் மேல்தோல் விரல் பட்டாலே தழும்பாகி, இலை விரிந்த பின்னும் அந்த வடு மறையாது.

கரிக்கணப்பு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், செடிக்காக அல்ல, உங்களுக்காகவே ஒன்று சொல்கிறேன்: மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

பதில்: குன்னூர் சிம்ஸ் பக்கம்

நான் மாறுபடுகிறேன். எங்கள் வீட்டில் பறவைக்கூட்டுப் பெரணி வருடம் முழுவதும் வராந்தாவில்தான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. இத்தனை மெனக்கெடல் தேவையா?

பதில்: கோத்தகிரித் தோட்டம்

குன்னூர் உதகையைவிட ஏறக்குறைய நானூறு மீட்டர் தாழ்வு. உங்கள் வராந்தாவில் உறைபனி விழாது. நீலகிரி முழுவதற்கும் ஒரே பருவநிலை என்று வைத்துப் பேச முடியாது. உதகைக்குள்ளேயே குளிர்காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதால், தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் வெளுத்துக் கிடக்கும் காலையில், மேட்டில் இருக்கும் வீட்டுத் தோட்டத்தில் வெறும் நீர்ப்பனிதான் இருக்கும். அவரவர் வீட்டுக்கு அவரவர் வெப்பமானிதான் அத்தாட்சி. குறைந்தபட்ச அளவைப் பதிந்துவைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை இலைமட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. இதே பெயரில் விற்கப்படும் செடிகளில் அஸ்பிளேனியம் ஆன்டிகுவம் என்ற மற்றோர் இனமும் இருக்கிறது. தென் ஜப்பான், தைவான் பகுதிகளைச் சேர்ந்த அது, நைடஸைவிடக் குளிர் தாங்கும். அலையலையாக நெளிந்த குறுகலான இலைகள் உடைய வகைகள் பல அதிலிருந்து வந்தவை. உங்களுடையது அதுவாக இருக்கலாம்.

பதில்: தாவரவியல் வகுப்பு

அடிப்புறக் கோடுகளைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. இரண்டு இலைகளில் வந்திருக்கும் அந்தக் கோடுகள், நீங்கள் வருணித்திருப்பதைப் பார்த்தால், நோயல்ல. செடி முதிர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பெரணிகள் பூப்பதில்லை, விதை வைப்பதில்லை; இலையின் அடிப்புறத்தில் உருவாகும் வித்துத்தூள்களால்தான் பெருகுகின்றன. அவற்றைத் தாங்கும் உறைகள் சில இனங்களில் வட்டப்புள்ளிகளாகவும், ஏடியான்டம் என்ற பெரணி வகைகளில் இலையோர மடிப்புக்குள்ளும், அஸ்பிளேனியங்களில் கிளைநரம்புகளை ஒட்டி நீண்ட கோடுகளாகவும் அமைகின்றன. நைடஸில் இந்தக் கோடுகள் நடுநரம்பின் அருகே தொடங்கி, இலையோரத்தை நோக்கிப் பாதித்தூரம் வரை, ஒன்றுக்கொன்று இணையாக, சாய்வாக ஓடும். இலையின் மேல்பாதியில்தான் பெரும்பாலும் காணப்படும். நோய்க்கு இத்தனை ஒழுங்கு வராது.

ஐயம் இருந்தால் ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டின் ஒரு பக்கத்திலும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கும். முதிர்ந்தபின் அது விலகி, மிளகுப்பொடியைவிட நுண்மையான பழுப்புத்தூள் வெளிப்படும். அந்த இலையைக் கத்தரித்து ஒரு வெள்ளைத்தாளின் மேல் இரண்டு மூன்று நாள் வைத்தால், தாளில் கோடுகளின் நகல் படிந்திருப்பதைக் காணலாம். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்துபார்க்கத் தவறாதீர்கள்.

கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது செதில்பூச்சி. பழுப்பு நிறத்தில் சிறிய ஓடு போல இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்; பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி, ஒழுங்கில்லாமல், அடிப்புறத்தில் மட்டுமன்றி மேற்புறத்திலும் இருக்கும். நகத்தால் சுரண்டினால் முழுதாகப் பெயர்ந்து வரும், இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும், எறும்பும் தேடி வரும். வித்துக்கோடு அப்படிப் பெயராது, தூளாகத்தான் உதிரும். செதில்பூச்சி என்றால், ஈரப்பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பதே பெரணிக்குப் பாதுகாப்பான வழி. எண்ணெய் கலந்த தெளிப்புகள், சோப்புக் கரைசல், இலையைப் பளபளக்க வைக்கும் பூச்சு ஆகியவை பெரணி இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய் தெளித்தே ஆகவேண்டும் என்பவர்கள், மிக நீர்த்த கரைசலை ஒரே ஓர் இலையில் பூசி, ஒரு வாரம் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

இரண்டாவது, இலை நூற்புழு. வெறுங்கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு இலைத்திசுவுக்குள்ளேயே வாழ்கிறது. இலையின் அடிப்பகுதியிலிருந்து கரும்பழுப்புப் பட்டைகள் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியில் நீளமாகப் பரவி, நரம்பின் எல்லையில் கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும். குளிரால் வரும் திட்டுக்கு அத்தகைய நேர்விளிம்பு இருக்காது. அது நரம்பைப் பொருட்படுத்தாமல் பரவும். நூற்புழு இலையின் மேல் நிற்கும் ஈரப்படலத்தில் நீந்தித்தான் அடுத்த இலைக்குப் போகிறது என்பதால், இரவில் தெளிப்பதை நிறுத்தச் சொன்ன கொடைக்கானல் நண்பரின் அறிவுரைக்கு இது இன்னொரு காரணம். அப்படிப்பட்ட பட்டை கண்ணில் பட்டால், அந்த இலையை அடியோடு நறுக்கி அப்புறப்படுத்தி, செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். வீட்டளவில் இதற்கு நல்ல மருந்து கிடையாது. பாதிக்கு மேல் பரவியிருந்தால் செடியையே விட்டுவிடுவதுதான் மற்ற தொட்டிகளுக்கு நல்லது.

பதில்: தாண்டிக்குடி காப்பித்தோட்டம்

எங்கள் பக்கம் பழனி மலையின் கீழ்ச்சரிவு. காப்பிக்கு நிழல் தரும் மரங்களின் அடித்தண்டில் தென்னை நாரை வைத்துக் கட்டிவிட்டால் இந்தப் பெரணி தானே பிடித்துக்கொள்ளும். சருகு அதன் கிண்ணத்தில் விழுந்து மட்கி, அதுவே உரமாகிவிடும். கொல்லிமலைக்குப் போனவர்கள் சூப்பு வைத்துக் குடிக்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் ஒரு பெரணியின் கிழங்குதான். பாறையில் ஒட்டி வளர்ந்து, பழுப்பு நிறச் சிற்றிலைகளால் சருகைச் சேர்த்துவைத்து வாழும் அதன் பிழைப்பும் இதைப் போன்றதே. இப்படி மண்ணே காணாமல் வாழப் பிறந்த செடியைத் தொட்டியில் வைக்கும்போது, முதலில் பார்க்க வேண்டியது அதில் என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

கோவை நர்சரிகளில் செம்மண்ணும் எருவும் கலந்தோ, வெறும் தென்னை நார்க்கழிவிலோ வைத்துத் தருவது வழக்கம். செம்மண் இறுகிவிடும். நார்க்கழிவு சமவெளி வெயிலில் ஒரே நாளில் உலர்ந்துவிடும் என்பதால் அங்கே பொருந்துகிறது. உங்கள் ஊரில் அது வாரக்கணக்கில் சொதசொதவென்று இருக்கும். நான் பயன்படுத்துவது: நன்றாக மட்கிய இலைமட்கு இரண்டு பங்கு, விரல்நுனி அளவு தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி. மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். இரவு முழுவதும் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, நிறம் வெளுக்கும்வரை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். அலசாமல் போட்டால் அதுவும் இலைநுனியைக் கருக்கும், ஹீட்டரின் மேல் வீணாகப் பழி விழும்.

ஆனால் தொட்டியை இப்போது மாற்றாதீர்கள். குளிரில் அறுபட்ட வேர் ஆறாது. பங்குனி கழிந்து, கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து, குருத்து அசையத் தொடங்கியபின் மாற்றலாம். புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு விரற்கடை அகலமாக இருந்தால் போதும். உரமும் அப்போதுதான்: திரவ உரத்தை உறையில் சொல்லியிருப்பதில் கால் பங்காக நீர்த்து, மாதம் ஒருமுறை, புரட்டாசி வரை.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரணிக் கலவைக்கு என்று சோலைக்குள் போய்ப் பாசியைச் சுரண்டுவதும், ஆர்க்கிட் வைக்கவென்று மரப்பெரணித் தண்டை வெட்டி வருவதும் இன்னும் நடக்கிறது. காப்புக்காட்டிலிருந்து எதை எடுத்தாலும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். மரப்பெரணியின் சையாத்தியா இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், ஆளுயரத் தண்டு வளர எத்தனை ஆண்டு ஆகும் என்று நினைத்துப் பார்த்தாலே கத்தியை எடுக்கக் கை வராது. தென்னை நார் அந்த வேலையைச் செய்துவிடும்.

ஃபெர்ன்ஹில்வாசி

விரிவாக எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய வெப்பமானியைச் சன்னல் திண்டில் வைத்துப் பார்த்தேன். விடியற்காலைக் குறைந்த அளவு 6 டிகிரி. சமையலறை அலமாரியில் அதே இரவு 12. செடி இப்போது சமையலறைக்குக் குடிபோய்விட்டது. கோடுகளைக் கைக்கண்ணாடியில் பார்த்தோம், சவ்வு தெரிகிறது. மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தார்.

இரண்டு கேள்விகள் மிச்சம். கருகிய இலைகளை இப்போதே வெட்டலாமா? வீட்டில் பூனை இருக்கிறது, அது இலையைக் கடித்தால் ஆபத்து உண்டா?

பதில்: கோத்தகிரித் தோட்டம்

பூனைக்கு ஆபத்தில்லை, இந்தப் பெரணி நச்சுச்செடி அல்ல. ஆபத்து இலைக்குத்தான்.

முழுவதும் காய்ந்த இலையை அடியோடு நறுக்கிவிடலாம். வளர்முனையைக் கத்தரிக்கோல் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி பச்சையாக இருப்பவற்றை விட்டுவைக்க வேண்டும், ஏனென்றால் புது இலை வரும்வரை செடிக்குச் சாப்பாடு போடுவது அந்தப் பச்சைதான். பார்வைக்கு உறுத்தினால் காய்ந்த ஓரத்தை மட்டும் கத்தரியுங்கள், ஆனால் பச்சையை வெட்டாமல், ஒரு நூல் அளவு பழுப்பை விட்டுக் கத்தரிக்க வேண்டும்; பச்சையில் வெட்டினால் வெட்டிய விளிம்பு மறுபடி காயும்.

குருத்தைப் பற்றி: அடியில் மெல்லத் தொட்டுப் பார்க்கும்போது கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, பங்குனி வரை அசையாமல் இருந்தாலும் பொறுத்திருங்கள். கொழகொழவென்று இருந்து, இழுத்ததும் கையோடு வந்துவிட்டால், அந்தச் செடியில் மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஃபெர்ன்ஹில்வாசி

கெட்டியாகத்தான் இருக்கிறது. சித்திரையில் தொட்டி மாற்றும்போது படத்தோடு எழுதுகிறேன்.